பங்கிடப் பழக்கும் படப்புத்தகம்: எந்த வகையை வாங்கலாம்?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருப் பெற்றோர் சிலர் ஆளுக்குக் கொஞ்சமாகப் பணம் போட்டு, மூன்று வயது முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் படப்புத்தகம் வாங்க முடிவு செய்திருக்கிறார்கள். சேர்ந்திருக்கும் தொகை இரண்டாயிரம் ரூபாய். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளை உட்கார வைத்துப் படித்துக் காட்டுவது திட்டம். பொம்மைக்கும் ஊஞ்சலுக்கும் அடித்துக்கொள்ளாமல் பங்கிட்டு விளையாடவும், ஒரு வேலையை நான்கு பேராகச் சேர்ந்து செய்யவும் அவர்கள் பழக வேண்டும் என்பது நோக்கம். நோக்கத்தில் எல்லோரும் ஒன்றுபட்டார்கள். எந்த வகைப் புத்தகம் என்பதில்தான் பிரிந்தார்கள். தாத்தா பாட்டிமார் விலங்குகள் வரும் நீதிக்கதைகளைக் கேட்கிறார்கள். இளம் தாய்மார் சிலர், வீட்டிலும் பள்ளியிலும் நடப்பதைக் காட்டும் இக்காலக் கதைகள் வேண்டும் என்கிறார்கள். எழுத்தே இல்லாத படப்புத்தகம் நல்லது என்று ஒருவர் சொல்ல, இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதை அச்செடுத்துக்கொண்டால் பணமே வேண்டாமே என்று இன்னொருவர் சொல்கிறார். பாலர் வகுப்பில் கதை படித்துக் காட்டுவதையே வேலையாகக் கொண்டவள் என்பதால், ஒப்பிட்டு எழுதித் தரும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள்.

வகைகளை எடைபோடுவதற்கு முன்னால், புத்தகத்திடமிருந்து எதை எதிர்பார்க்கிறோம் என்பது தெளிவாக வேண்டும். பிள்ளைக்குப் பங்கிடத் தெரியவில்லை, கதை சொன்னால் தெரிந்துகொள்வான் என்று நாம் நினைக்கிறோம். கிரெய்க் ஸ்மித், பீட்டர் பிளேக், பால் ஹாரிஸ் ஆகிய மூவர் 2013-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இந்த நினைப்பையே அசைத்துப் பார்க்கிறது. மூன்று முதல் எட்டு வயது வரையுள்ள குழந்தைகளிடம் ஸ்டிக்கர்களைக் கொடுத்து, இன்னொரு குழந்தைக்கு எவ்வளவு தர வேண்டும் என்று கேட்டபோது, மூன்று வயதுக் குழந்தைகூடச் சரிபாதி தர வேண்டும் என்றே சொன்னது. உண்மையில் கொடுக்கச் சொன்னபோது சிறியவர்கள் தங்களுக்கே அதிகம் வைத்துக்கொண்டார்கள். ஏழெட்டு வயதுக்காரர்கள்தான் சொன்னபடி செய்தார்கள். இதைவிட வியப்பானது, தாங்கள் சரிபாதி தர மாட்டோம் என்பதையும் அந்தச் சிறியவர்கள் முன்கூட்டியே சரியாகச் சொன்னதுதான். ஆகவே, 'பங்கிட்டு உண்ண வேண்டும்' என்ற வாக்கியத்தைக் கடைசிப் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் புத்தகம், பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தான் திரும்பச் சொல்கிறது. தெரிந்ததற்கும் செய்வதற்கும் நடுவில் கை தயங்குகிற அந்த ஒரு கணத்தைப் படத்தில் காட்டுகிற புத்தகமே நமக்குத் தேவை. நான்கு வகைகளையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

முதலில் நீதிக்கதை. இதன் பக்கம் உள்ள நியாயத்தைக் குறைத்துச் சொல்ல முடியாது. விலங்கையும் பறவையையும் காட்டி மனிதருக்குச் சொல்வது நம்மிடம் ஊறிய வழக்கம். கிடைத்த இரையை மறைக்காமல் இனத்தைக் கரைந்து அழைத்து உண்ணும் காக்கையை வள்ளுவர் 'காக்கை கரவா கரைந்துண்ணும்' என்று காட்டுகிறார். அமாவாசையன்று பாட்டி சோற்று உருண்டையை மதில் மேல் வைத்ததும் காக்கைகள் கூடுவதைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு, அந்தப் படம் அந்நியமானதல்ல. பஞ்சதந்திரத்தில் வலையில் சிக்கிய புறாக்களின் கதை, கூட்டுறவைச் சொல்லும் கதைகளில் எனக்குத் தெரிந்தவரை மிகச் சிறந்தது. எல்லாப் புறாக்களும் ஒரே நேரத்தில் சிறகடித்து வலையோடு பறக்கின்றன என்பது பாதிக் கதைதான். வலையை அறுக்க வந்த எலி, நண்பனாகிய புறாவரசன் சித்திரக்கிரீவனின் கட்டை முதலில் அறுக்கப் போகும்போது, 'என் கூட்டத்தாரை முதலில் விடுவி' என்று அவன் சொல்லும் இடத்தில்தான் கதை உயர்கிறது. நான் பார்த்த மலிவுப் பதிப்புகள் பலவற்றில் இந்த இடமே இல்லை. புறாக்கள் பறந்ததும் 'ஒற்றுமையே பலம்' என்று முடித்துவிடுகிறார்கள். நீதிக்கதை வாங்குவதென்றால் அந்தப் பக்கம் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். பிரிந்துபோன எருதுகளைச் சிங்கம் ஒவ்வொன்றாக அடித்துத் தின்னும் கதையை மூன்று வயதுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பிள்ளையின் நினைவில் எருதுகளின் பிரிவு தங்குவதில்லை, சிங்கத்தின் பல்தான் தங்குகிறது.

ஆனால் பங்கிடும் பழக்கத்துக்கு விலங்குக் கதை எந்த அளவு உதவுகிறது என்று கேட்டால், பதில் அவ்வளவு சாதகமாக இல்லை. கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் பட்ரீஷியா கேனியாவும் உடன் ஆய்வாளர்களும் நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைகளுக்கு, பங்கிடுவதைப் பற்றிய ஒரே கதையை இரண்டு விதமாகப் படித்துக் காட்டினார்கள்: ஒன்றில் உடை உடுத்திப் பேசும் விலங்குகள், மற்றதில் மனிதர்கள். கதைக்கு முன்னும் பின்னும், தங்களிடமிருந்த ஸ்டிக்கர்களில் எத்தனையை வேறு குழந்தைக்குத் தருகிறார்கள் என்று பார்த்தார்கள். மனிதர் வந்த கதையைக் கேட்டவர்கள் முன்பைவிட அதிகம் கொடுத்தார்கள். விலங்குக் கதையைக் கேட்டவர்களிடம் அந்த உயர்வு இல்லை. 2017-இல் வெளிவந்த இந்த ஆய்வில் கவனிக்கத்தக்க இன்னொரு செய்தியும் உண்டு: விலங்குகளுக்கும் மனிதரைப் போன்ற இயல்புகள் உண்டு என்று நம்பிய குழந்தைகள், விலங்குக் கதைக்குப் பிறகும் சற்றுத் தாராளமாகவே இருந்தார்கள். காக்கைக்குச் சோறு வைக்கும் வீட்டுப் பிள்ளை எந்தப் பக்கம் சேரும் என்பதை டொராண்டோவிலிருந்து சொல்லிவிட முடியாதுதான். ஆயினும் கையில் இருப்பது இரண்டாயிரம் ரூபாய் என்னும்போது, ஆதாரம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே பெரும்பகுதியைச் செலவிடுவேன்.

அந்தப் பக்கம் என்பது அன்றாட வாழ்க்கைக் கதை. தூலிகா, பிரதம் புக்ஸ், நேஷனல் புக் டிரஸ்ட் ஆகியோர் தமிழில் வெளியிடும் படப்புத்தகங்களில் நம் ஊர் முகமும் நம் ஊர் வீடும் உள்ளவை நிறையக் கிடைக்கின்றன. இந்த வகையிலும் நல்லதும் கெட்டதும் கலந்தே இருக்கின்றன. பிரித்தறியச் சில வழிகளைச் சொல்கிறேன். சண்டை நடக்கும் பக்கத்தில் இரண்டு பிள்ளைகளின் முகமும் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். பொம்மையை இழந்த பிள்ளையின் அழுகையை மட்டும் வரைந்துவிட்டு, பிடுங்கிக்கொண்டவனை முதுகு காட்டி நிற்க வைக்கும் ஓவியம் பாதி வேலையைத்தான் செய்கிறது. விடாமல் பிடித்திருக்கும் பிள்ளைக்கும் ஒரு பயம் இருக்கிறது, கொடுத்தால் திரும்பி வராதோ என்ற பயம், அது அந்த முகத்தில் தெரிய வேண்டும். அடுத்து, கொடுத்த பிள்ளைக்குக் கதை உடனே என்ன கொடுக்கிறது என்று பாருங்கள். ஒரு மிட்டாய் கொடுத்தவனுக்கு இரண்டு மிட்டாய் கிடைத்தது என்று முடியும் கதையை நான் ஒதுக்கிவிடுவேன். உதவி செய்ததற்குப் பரிசு பெற்ற இருபது மாதக் குழந்தைகள், பரிசு நின்ற பிறகு மற்றக் குழந்தைகளைவிடக் குறைவாகவே உதவினார்கள் என்று வார்னிக்கன், டோமசெல்லோ இருவரும் 2008-இல் காட்டியிருக்கிறார்கள். புத்தகத்துக்குள் வரும் பரிசும் அதே கணக்கைத்தான் பிள்ளையின் மனத்தில் போடும் என்பது என் கருத்து.

மொழிபெயர்ப்பில் வரும் புத்தகங்களில் இன்னொரு குறை உண்டு. நம் பிள்ளைகளுக்குப் பங்கிடவும் சண்டையை முடிக்கவும் தங்களுக்கென்றே வழக்கங்கள் இருக்கின்றன. ஒரு கடலை மிட்டாயைப் பாவாடைத் துணியில் மூடிக் காக்காய்க் கடி கடித்துப் பிரிப்பது, ஷா பூ த்ரீ போட்டு யார் முதலில் என்று தீர்மானிப்பது, கா விட்டவளிடம் பழம் விட்டுச் சேர்ந்துகொள்வது எல்லாம் நான்கு வயதுக்குள் வந்துவிடுகின்றன. இவற்றில் ஒன்றாவது கதைக்குள் இருந்தால் பிள்ளை அதைத் தன் கதையாக எடுத்துக்கொள்கிறது. 'தயவுசெய்து, நான் அதை வைத்து விளையாடலாமா?' என்று ஒரு நான்கு வயதுப் பெண் கேட்கும் பக்கத்தைப் படித்தால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள், அவ்வளவுதான். படிக்கிறவர் அந்த வரியை 'எனக்கும் ஒரு தடவை குடுடா' என்று மாற்றிக்கொண்டால் குற்றமில்லை.

பங்கிடுதலைப் பற்றி மட்டுமே பேசும் புத்தகங்களைக் காட்டிலும், சேர்ந்து உழைத்த பிறகு பங்கிடும் புத்தகங்களை நான் உயர்வாக வைக்கிறேன். பெற்றோரில் யாரும் இந்த வேறுபாட்டை எழுப்பவில்லை. ஆனால் எனக்கு இதுவே முக்கியமாகத் தோன்றுகிறது. ஜெர்மனியில் காத்தரினா ஹாமனும் உடன் ஆய்வாளர்களும் நடத்தி 2011-இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வில், மூன்று வயதுக் குழந்தைகள் இருவர் இருவராகக் கயிற்றை இழுத்து ஒரு பலகையைத் தம்மிடம் கொண்டுவந்தார்கள். அப்போது ஒருவருக்கு மூன்று பரிசுப் பொருள்களும் மற்றவருக்கு ஒன்றும் கிடைக்கும்படி செய்யப்பட்டிருந்தது. சேர்ந்து இழுத்தபோது, மூன்று கிடைத்த குழந்தை ஒன்றை எடுத்து மற்றதற்குக் கொடுத்துச் சமமாக்கியது. இழுக்காமல் சும்மா கிடைத்தபோது அப்படிக் கொடுப்பது குறைந்தது. மூன்று வயதில் சரிபாதி தர மாட்டார்கள் என்று சொன்ன ஆய்வையும் இதையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், உழைப்பைப் பங்கிட்ட பின் விளைவைப் பங்கிடுவது அந்த வயதிலேயே இயல்பாக வருகிறது என்பது புலப்படும். இதற்கு ஜெர்மனிவரை போக வேண்டியதுமில்லை. தேவனாம்பட்டினத்துப் பிள்ளை கரைவலை இழுப்பதைக் கரையில் நின்று பார்த்திருக்கும்: இரண்டு பக்கமும் ஆள் வரிசை, ஒரே குரலுக்கு ஒரே இழுப்பு, கடைசியில் மணலில் கொட்டிய மீனில் இழுத்த ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. தோட்டம் போடுவது, கூழ் காய்ச்சுவது, மணல் வீடு கட்டுவது, பலாப்பழம் அறுப்பது என்று ஏதேனும் ஒரு கூட்டு வேலையில் தொடங்கி, பங்கில் முடியும் புத்தகம் கிடைத்தால் விலை பார்க்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

எழுத்தில்லாப் படப்புத்தகத்தைப் பற்றி வீடுகளில் ஒரு தயக்கம் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கினால் எழுத்தாவது கற்றுக்கொள்ள வேண்டாமா என்கிறார்கள். எழுத்து கற்பது நம் நோக்கமாக இருந்தால் அது சரியான கேள்வி. இங்கே நோக்கம் வேறு. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் சீலியா பிரௌனல் குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகளுக்குப் பெற்றோர் படப்புத்தகம் காட்டும்போது என்ன பேசுகிறார்கள் என்று கவனித்தார்கள். 'இந்தப் பாப்பாவுக்கு என்ன ஆச்சு? ஏன் முகம் இப்படி இருக்கு?' என்று குழந்தையையே சொல்லவைத்த பெற்றோரின் பிள்ளைகள், உதவுவதிலும் பங்கிடுவதிலும் முன்னே நின்றார்கள். பெற்றோர் தாமே உணர்ச்சிகளைப் பற்றி நிறையப் பேசியதற்கு அந்தத் தொடர்பு இல்லை. பிள்ளையைப் பேசவைத்ததற்கே இருந்தது. எழுத்தில்லாத புத்தகம் படிக்கிறவரை வேறு வழியில்லாமல் இந்தக் கேள்விகளுக்குக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் இதை எடுத்துக்கொண்டு உட்காரலாம் என்பது, எங்கள் தெருவைப் பொறுத்தவரை, சிறிய அனுகூலமல்ல. குறை என்னவென்றால், களைத்துப்போய் வந்தவர் கையில் இது இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். 'நாய் ஓடுது, பையன் அழறான், முடிஞ்சுது' என்று பக்கங்கள் பறந்துவிடும். பேசத் தெரிந்த, பொறுமையுள்ள ஒருவர் வாரந்தோறும் கிடைப்பார் என்றால் மட்டுமே இதில் பணம் போடலாம்.

இலவசமாக அச்செடுப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் ஏராளமாக இருக்கின்றன; கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருப்பதால் இறக்கி அச்செடுக்கவோ வரிகளை மாற்றிக்கொள்ளவோ தடையில்லை. ஆனால் கலர் பிரின்ட் எடுத்து ஸ்பைரல் பைண்டிங் போட்டால், செலவு பெரும்பாலும் அச்சுப் புத்தகத்தின் விலையைத் தொட்டுவிடும். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் மலிவுதான். முகபாவம் மங்கிவிடும், நமக்கு வேண்டியதே அந்த முகபாவம். கைப்பேசியில் அப்படியே காட்டலாமே என்பவர்களுக்கு: பங்கிடச் சொல்லித்தரும் நேரத்தில், வீட்டில் பங்கிட முடியாத பொருள்களில் முதலாவதை நடுவில் வைக்கிறீர்கள். படித்துக் காட்டுகிறவர் இந்தத் தளத்தை முன்கூட்டிக் கதை தேடவும், பிடித்ததைப் பிறகு அச்சில் வாங்கவும் பயன்படுத்துவதே பொருத்தம்.

இலவச வழியில் ஒன்று மட்டும் விதிவிலக்கு: பிள்ளைகளே செய்யும் புத்தகம். ஒரு ட்ராயிங் நோட்டை நடுவில் வைத்து, ஒரு பக்கத்துக்கு ஒரு பிள்ளை வரைய, கரைவலைக் கதையையோ பலாப்பழக் கதையையோ நான்கு பேர் சேர்ந்து உண்டாக்கினால், உள்ளடக்கம் எப்படி இருந்தாலும் செய்முறையே கூட்டுறவாகிவிடுகிறது. ஒரே ஒரு சிவப்பு க்ரேயான் மட்டும் வையுங்கள். மீதிக் கதை தானாக நடக்கும். நான்கு வயதுக்கு மேல்தான் இது கைகூடும்.

எத்தனை பிரதி என்பதும் முடிவு செய்ய வேண்டியதே. ஆளுக்கொன்றாக ஒரே புத்தகத்தில் ஐந்து பிரதி வாங்கினால் சண்டை வராது என்று ஒரு தாய் சொன்னார். சண்டை வராதுதான், பழகவும் எதுவும் இருக்காது. இருவருக்கு ஒரு புத்தகம் என்பதே என் கணக்கு. நடுவில் புத்தகத்தை விரித்து வைத்தால் அதன் இடப்பக்கம் ஒருத்தியின் மடியிலும் வலப்பக்கம் மற்றவனின் மடியிலும் கிடக்கும். பக்கத்தைத் திருப்பும் உரிமை யாருக்கு என்பதில் மூன்றாம் பக்கத்திலேயே முழங்கைகள் மோதத் தொடங்கும். அப்போது படிக்கிறவர் நிறுத்திவிட்டு, 'இப்போ யார் முறை?' என்று மட்டும் கேட்டுக் காத்திருக்க வேண்டும். பக்கம் திரும்பாமல் கதை நகராது என்பதைப் பிள்ளைகள் விரைவிலேயே கண்டுகொள்கிறார்கள். இப்படி விரித்துப் படுக்கவைக்க, நடுவில் பின் அடித்த புத்தகம் வசதி. பசை போட்டு ஒட்டிய தடித்த முதுகு, விரிக்க விரிக்கப் பிளந்துகொள்ளும். நம் கடற்கரை ஈரத்தில், ஐப்பசி கார்த்திகை மழையில் அட்டை வளைவதும் இராமபாணப் பூச்சி அரிப்பதும் தனி.

தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த இருமொழிப் புத்தகங்களைப் புதுச்சேரியிலிருந்து வரும் ஓர் உறவினர் பரிந்துரைத்தாராம். அவற்றை வாங்குவதில் தவறில்லை. ஆனால் இந்த நோக்கத்துக்குத் தமிழ்ப் பகுதியை மட்டும் படியுங்கள். கோபம், பொறாமை, ஏக்கம், சமாதானம் ஆகியவற்றைப் பிள்ளை முதலில் அனுபவித்துப் பெயரிட்டது வீட்டு மொழியில்தான். ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை படித்தால், கேள்வி கேட்பதற்கு இருக்கும் நேரத்தை அந்த இரண்டாம் வாசிப்பு விழுங்கிவிடும்.

மூன்று வயதுக்குட்பட்ட தம்பி தங்கைகளும் திண்ணைக்கு வந்து உட்காருவார்கள். அவர்களிடம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். மில்ட்ரெட் பார்ட்டன் 1932-இல் குழந்தைகளின் விளையாட்டை வகைப்படுத்தியபோதே, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தனித்தனியாக விளையாடுவது, சேர்ந்து விளையாடுவதற்கு முந்திய ஒரு படி என்று காட்டிவிட்டார். அவர்களுக்குக் கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்று போதும், அது எதைப் பற்றியதாக இருந்தாலும்.

ஆக, தொகையை நான் பிரிப்பது இப்படி: ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு அன்றாடக் கதைகள், அவற்றில் பாதிக்கு மேல் கூட்டு வேலையைச் சொல்பவை, நானூறு ரூபாய்க்கு எழுத்தில்லாதவை, அதுவும் பொறுமையாகப் படிக்கிறவர் யார் என்று தீர்மானித்த பிறகு, இருநூறு ரூபாய்க்குள் ஒரே ஒரு நல்ல நீதிக்கதை, புறாக்கதை முழுமையாகக் கிடைத்தால் அதுவே, மீதிக்கு ட்ராயிங் நோட்டும் க்ரேயானும், தம்பி தங்கைகளுக்கு அந்த அட்டைப் புத்தகமும். அவசரம் இல்லையென்றால் நெய்வேலிப் புத்தகக் கண்காட்சிவரை காத்திருக்கச் சொல்வேன். ஆன்லைனில் அட்டைப்படம்தான் தெரியும், சண்டைப் பக்கம் தெரியாது. அரங்கில் நின்று புத்தகத்தின் நடுப்பக்கங்களைத் திறந்து, வரிகளை விரலால் மறைத்துக்கொண்டு, உடன் வந்த பிள்ளையிடம் இந்த இரண்டு பேருக்கும் என்ன ஆச்சு என்று கேட்டுப் பார்க்கலாம். பிள்ளை சொல்லத் தொடங்கினால் பில் போடச் சொல்லுங்கள்.